போர்வைக்குள் ஒரு முழங்கால்

முதலில் ஒரு போர்வையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதன் பின்னால் தானாக வரும். நாளெல்லாம் ஓடியாடிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களைச் சுற்றவிட எனக்கு மனமில்லை. காலை நீட்டிக்கொள்ளுங்கள்.

அது கடையில் வாங்கிய போர்வை இல்லை. இரண்டு பழைய கண்டாங்கிச் சேலைகளை நீளவாக்கில் மூட்டியது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பருத்தி. அரக்குச் சிவப்பில் சின்னச் சின்னக் கட்டங்கள். ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்கு மஞ்சள் கரை. படுக்கையிலேயே கிடக்கிறவரின் தோலுக்கு அதைவிட இதமான துணி கிடையாது என்று வள்ளிக்கண்ணு கண்டுபிடித்திருந்தாள்.

போர்வைக்குள் கிடந்தவர் அவளுடைய அண்ணன் ஆசைத்தம்பி. ஐம்பத்திரண்டு வயது. காரைக்குடியில் பேர் சொன்னால் தெரிகிற கொத்தனாராக இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வாதம் வந்து வலது பக்கத்தைக் கொண்டுபோனது. நான்கு மாதம் கழித்து இன்னொன்று வந்து இடது கையையும் பேச்சையும் கொண்டுபோனது. மிச்சம் இருந்தது இடது கால். அதுவும் முழுதாக இல்லை. முழங்காலை நான்கு விரல் உயரத்துக்குத் தூக்குவார். நான்கு எண்ணுகிற நேரம் நிறுத்துவார். பிறகு கால் தானே படுத்துவிடும்.

அதுதான் அவருடைய பேச்சு. ஒரு தடவை தூக்கினால் ஆமாம். இரண்டு தடவை தூக்கினால் வா. வா என்றால் பெரும்பாலும் ஒன்றுக்கு வருகிறது என்று பொருள். ஒரு சமயம் காலில் சின்ன மணி கட்டிப் பார்த்தாள் வள்ளி. அன்று முழுக்க அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. சாயங்காலம் அவளே அவிழ்த்து எடுத்துவிட்டாள். மாட்டுக்குக் கட்டுவதைத் தனக்குக் கட்டிவிட்டாள் என்று அவர் நினைத்திருப்பார்.

வள்ளிக்கு நாற்பத்தொன்று. பொறியியல் படித்து, சென்னையில் பதினான்கு வருஷம் வேலை பார்த்துவிட்டு, அண்ணனுக்கு இப்படி ஆனதும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள். வீட்டிலிருந்தே வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அண்ணனைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். இரவிலும் அப்படித்தான். இரண்டு வருஷமாக அவள் தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்கியதில்லை. தூக்கம் என்பது கண் எரிச்சலாக மாறி முகத்திலேயே தங்கிவிட்டது.

அவளுடைய வேலையைச் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், புரிகிற மாதிரியே சொல்கிறேன்.

படுத்த படுக்கையாக இருப்பவர்கள் வீட்டில் மாட்டுகிற கேமராவை அவள் கம்பெனி செய்கிறது. பிள்ளைகள் வெளியூரில் இருந்தபடி போனில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நம் பக்கத்து ஊர்களில் சிக்னல் மெலிசு. ஒரு நொடிக்குப் பதினைந்து படம் வீதம் அத்தனையையும் அனுப்பினால் பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் எல்லாவற்றையும் அனுப்புவதில்லை. படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டிக்கொள்வார்கள். இந்தச் சதுரம் போன படத்தில் எங்கே இருந்தது என்று தேடுவார்கள். கொஞ்சம் தள்ளி இருந்தால், ‘அங்கே இருந்தது இங்கே வந்திருக்கிறது’ என்று ஒரு குறிப்பு மட்டும் போகும். நகரவே இல்லை என்றால் ‘அப்படியே இருக்கட்டும்’ என்று அதைவிடச் சின்னக் குறிப்பு. பார்க்கிறவர் போனில் அந்தக் குறிப்புகளை வைத்துப் படத்தைத் திரும்பக் கட்டிக்கொள்ளும். இருபது நொடிக்கு ஒரு முறை மட்டும் ஒரு முழுப்படம் போகும். எது எங்கே நகர்ந்தது என்று ஊகிப்பதுதான் வள்ளியின் வேலை. ஊகம் எவ்வளவு சரியோ அவ்வளவு குறைவாக அனுப்பினால் போதும்.

அவளைப் படாதபாடு படுத்தியது வீட்டுத் தரைதான். ஆத்தங்குடிக் கல். ஒவ்வொரு கல்லிலும் ஒரே பூ. ஒரு பூவைத் தேடினால் பக்கத்துக் கல்லிலும் அதே பூ இருக்கிறது. அதற்குப் பக்கத்திலும் இருக்கிறது. ‘இது அங்கிருந்து வந்தது’ என்று கம்ப்யூட்டர் தப்பாகச் சொல்லிவிடும். யாராவது நடந்தால் படத்தில் பாதத்தைச் சுற்றித் தரை நெளியும். ஐந்து வாரம் அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் ஒரு விதி எழுதினாள். ஒரு சதுரம் இருந்த இடத்திலேயே ஓரளவு பொருந்துகிறதா, அப்படியானால் வேறெங்கும் தேடாதே, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடு. தரை அடங்கிவிட்டது. அனுப்ப வேண்டிய அளவு நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குறைந்தது.

குழுத் தலைவி தீக்ஷா சென்னையில் இருக்கிறாள், இருபத்தொன்பது வயது. அன்று போனிலேயே கைதட்டினாள். வெள்ளிக்கிழமை மேலிடத்துக்குக் காட்டிவிட்டால் இரண்டாயிரம் வீட்டுக் கேமராக்களில் அது ஏறிவிடும். அதன் பிறகு வள்ளிக்குப் பத்து நாள் லீவு. தேவகோட்டையிலிருந்து சித்தி மகள் சண்முகப்ரியா வந்து அண்ணனைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். பத்து நாளும் வள்ளிக்கு எங்கேயும் போகிற எண்ணம் இல்லை. தூங்க வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து அறையில் பாய்கூட எடுத்துவைத்துவிட்டாள்.

புதிதாகச் செய்ததை முதலில் தன் வீட்டுக் கேமராவில்தான் ஓட்டிப் பார்ப்பாள். அப்படி மூன்று வாரம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மூன்று வாரமாகத்தான் போர்வை அடிக்கடி நனைந்தது.

அண்ணனைப் பார்த்துக்கொள்ள ஒன்பது மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகிறவள் செந்தாமரை. பக்கத்துக் கிராமம், விவசாயக் குடும்பம், முப்பத்தைந்து வயது இருக்கும். வாய் ஓயாது, கையும் ஓயாது. அடுப்படியில் வேலையாக இருக்கும்போது அண்ணனைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவள் போனிலும் கேமராவைப் போட்டுக் கொடுத்திருந்தாள் வள்ளி. மிளகாய் டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடியே சமைப்பாள். வள்ளி உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங்கில் இருப்பாள்.

நான்காவது தடவை நனைந்த அன்று வள்ளி பொறுமை இழந்துவிட்டாள்.

“போன்ல எதைப் பாத்துக்கிட்டு இருக்க நீயி? அண்ணனையா, வேற எதையாச்சுமா?”

“அண்ணனத்தான்க்கா. காலு அசையவே இல்ல.”

“அசையாம எப்படி? அவரு தூக்காம விடமாட்டாரு. ரெண்டு வருசத்துல எத்தன தடவ இப்படி ஆச்சு சொல்லு.”

“ஒருவேள அவருக்கே தெரியலயோ என்னமோ. நோவு கூடிப்போச்சோ.”

“நோவு மேல போடாத.”

  செந்தாமரை ஈரப் போர்வையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அந்த மூடலில் கோபம் இருந்ததா, வெட்கம் இருந்ததா என்று வள்ளிக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்கிற தெம்பும் இல்லை. ஆனால் செந்தாமரை சொன்னது மனதில் உறுத்தியது. நிஜமாகவே அந்தக் காலும் போய்க்கொண்டிருக்கிறதா?

வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் அவள் சிவகங்கைக்குப் போக வேண்டியிருந்தது. நடக்க முடியாதவர்களுக்குக் கிடைக்கிற உதவித்தொகைக்கு வருஷா வருஷம் ஒரு சான்று வேண்டும், ஆள் உயிரோடு இருக்கிறார் என்று. ஒரு அலுவலகத்தில் காகிதத்தோடு வரிசையில் நின்றாள். நின்றபடியே இரண்டு தடவை தூங்கி விழப் பார்த்தாள். அவள் முறை வந்தபோது மணி பதினொன்றரை.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் வயதானவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு காகிதத்தைப் பார்த்தார்.

“ஆளு எங்கம்மா?”

“படுத்த படுக்கை சார். டாக்டர் குடுத்தது உள்ள இருக்கு.”

“அது இருக்கட்டும். நாங்க ஆளப் பாக்கணும்ல. கூட்டியார முடியாட்டி வீடியோல காட்டுனாப் போதும். ஒரு தலையாட்டு, ஒரு கையாட்டு.”

“தலையும் ஆட்ட முடியாது, கையும் ஆட்ட முடியாது சார். முழங்காலத் தூக்குவாரு.”

“தூக்கட்டும். எனக்கு எதுனாலும் சரிதேன்.”

வள்ளிக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. தான் செய்த வேலையை முதல் தடவையாக ஒரு வெளியாளுக்குக் காட்டப்போகிறாள். போனைத் திறந்தாள். கூடம் தெரிந்தது. தரைப் பூக்கள் அசையாமல் அழகாக இருந்தன. கட்டிலில் அண்ணன், அவர்மேல் போர்வை. செந்தாமரை பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு பக்கமும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

“செந்தாமர, அண்ணன ஒரு தடவ தூக்கச் சொல்லு.”

“அண்ணே, சிவகங்கையில ஆபீசரு பாக்குறாராம். தூக்குங்க. ஆங், தூக்குறாருக்கா. தெரியுதா?”

வள்ளி பார்த்தாள். மேசைக்காரரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். போர்வை அப்படியே இருந்தது.

“தெரியலையே. இன்னொரு தடவ சொல்லு.”

“நல்லாத்தான்க்கா தூக்குறாரு. இந்தா, இறக்கிட்டாரு. இந்தா, மறுபடி.”

ஒன்றும் அசையவில்லை. செந்தாமரையின் கை போனது வந்தது, அவள் முந்தானை ஆடியது. சுவர்க் கடிகாரத்தின் முள்கூட நகர்ந்தது. போர்வை மட்டும் வரைந்து வைத்த மாதிரி கிடந்தது.

மேசைக்காரர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். “ஏம்மா, அந்தப் பொண்ணு அசையுது. இவரு அசையல. ஆளு இருக்க எடத்துல போட்டோவ வச்சிருக்கீகளா?”

“சார், அப்படியெல்லாம் இல்ல.”

“கோவிச்சுக்காத. போன வருசம் ஒருத்தரு அவுக அப்பாவ நாற்காலியில சாச்சு வச்சமாதிரி போட்டோவக் கொண்டாந்து, வெயிலுக்குக் கண்ண மூடியிருக்காருன்னு சொன்னாரு. செத்து அஞ்சு மாசம் ஆகியிருக்கு. எனக்கும் பேரு கெட்டுச்சு. அதான் கேக்குறேன்.”

பின்னால் நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். வள்ளிக்குக் காது சூடேறியது. செந்தாமரைதான் வழி செய்தாள். கேமராவை விட்டுவிட்டுத் தன் போனிலிருந்து வீடியோ கால் போட்டு, அண்ணன் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். அண்ணன் கண்ணை இமைத்தார். மறுபடி இமைத்தார். அவர் நெற்றியில் வேர்வை இருந்தது. எத்தனை தடவை தூக்கினாரோ.

“போதும்மா, போதும். அவர விடு, செரமப்படுறாரு,” என்றார் மேசைக்காரர். முத்திரை விழுந்தது.

வள்ளி காகிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்து ஒரு வேப்பமரத்தின் கீழ் உட்கார்ந்துவிட்டாள். அண்ணனுடைய கால் நன்றாகத்தான் இருக்கிறது. செந்தாமரையின் கண்ணும் நன்றாகத்தான் இருக்கிறது. காலைத் தின்றது தரைக்காகத் தான் எழுதிய விதி.

காரைக்குடி பஸ்ஸில் இடம் கிடைத்தது. தூங்கிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தாள். கண் மூடவில்லை. முன்னால் நடைபாதையில் ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டம் போட்ட சேலை. பஸ் குலுங்கியபோதெல்லாம் அவள் இடுப்புப் பக்கம் அசைந்தது. ஆனால் கட்டத்தை மட்டும் உற்றுப் பார்த்தால் அசைவு தெரியவில்லை. ஒரு கட்டம் போன இடத்துக்கு அதே மாதிரி இன்னொரு கட்டம் வந்துவிடுகிறது. கண்ணே ஏமாறுகிறது, கம்ப்யூட்டர் ஏமாறாதா? தரைக்கல்லுக்காக எழுதியதைப் போர்வையும் எடுத்துக்கொண்டது. அண்ணன் மெதுவாக, மிக மெதுவாகத் தூக்குகிறார். படத்துக்குப் படம் ஒரு மயிரிழைதான் மாறுகிறது. ஓரளவு பொருந்துகிறதே, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறது. அடுத்த முழுப்படம் போவதற்குள் கால் படுத்துவிடுகிறது.

அந்தப் பெண் ஒரு கையை மாற்றிப் பிடித்தாள். அப்போது சேலையின் கரை மட்டும் பளிச்சென்று ஏறி இறங்கியது. கரை ஒன்றுதான் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கரை இல்லை. அது போகிற பக்கம்தான் கட்டமும் போகும். கல்லல் ஊரைத் தாண்டுகிறவரை வள்ளி அந்தக் கரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது அந்தப் பெண், “என்னக்கா, சேல எங்க எடுத்ததுன்னு கேக்கணுமா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். வள்ளியும் சிரித்துவைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது கொடியில் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் மேல் வேறு துணி.

“மறுபடியுமா?” என்றாள் வள்ளி.

செந்தாமரை கைகளை முந்தானையில் துடைத்தாள். “ஆமா. நான் போன்லதான் பாத்துக்கிட்டு இருந்தேன். திட்டணும்னா திட்டுங்க, கேட்டுக்கிறேன். நாளையிலேருந்து வரலைன்னா மட்டும் ஏன்னு கேக்காதீக.”

வள்ளி கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. “செந்தாமர, உன் மேல தப்பு இல்ல. நான் செஞ்சதுலதான் தப்பு. அந்தக் கேமரா அண்ணன் காலக் காட்ட மாட்டேங்குது. மூணு வாரமா காட்டல.”

“காட்டலயா?”

“அவரு தூக்கிக்கிட்டுத்தான் இருந்திருக்காரு. உனக்குத் தெரியாமப் பண்ணுனது நான்.”

செந்தாமரை கட்டிலைப் பார்த்தாள். “அப்ப, இத்தன நாளும் கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்துட்டு, யாரும் வல்லைன்னு…” என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. பிறகு குரலை மாற்றிக்கொண்டாள். “என்னைய அன்னிக்கு நாயப் பேசுறாப்புல பேசுனீகளே.”

“பேசிட்டேன். தப்புத்தான்.”

“சோறு வச்சிருக்கேன். தின்னுட்டு அழுங்க,” என்றாள் செந்தாமரை. அவளிடம் மன்னிப்பு அப்படித்தான் கிடைக்கும்.

சோறு தின்றாள். அழவில்லை. பதிவைத் திறந்து தப்பாகிற சதுரங்களை எண்ணிவிட்டு, நான்கு மணிக்குத் தீக்ஷாவைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். 

“அக்கா, நாளைக்கு காலைல பதினோரு மணிக்கு டெமோ. இப்ப வந்து சொல்றீங்க.”

“நேத்து எனக்கே தெரியலையேம்மா.”

“எத்தனை சதுரம் தப்பாகுது?”

“பதினாறு.”

“மொத்தம் மூவாயிரத்து அறுநூறுல பதினாறு. சராசரில தெரியவே தெரியாது.”

“தெரியல. அந்தப் பதினாறுக்குள்ளதான் எங்க அண்ணன் இருக்காரு.”

 தீக்ஷா கெட்ட பெண் இல்லை. மேலே இருப்பவர்களிடம் பதினெட்டு என்று வாயால் சொல்லிவிட்டு வந்தவள்.

“உங்க வீட்ல போர்வைய மாத்திடுங்களேன், இப்போதைக்கு. பிளெய்னா ஒண்ணு.”

“என் வீட்ல மாத்திருவேன். ரெண்டாயிரம் வீட்ல யாரு மாத்துறது? நம்ம ஊர்ல லுங்கியும் கட்டம், துண்டும் கட்டம், பெட்ஷீட்டும் கட்டம்.”

“சரி பண்ணா பதினெட்டுல எவ்வளவு நிக்கும்?”

“ஏழு. எட்டுகூட வரலாம்.”

“பதினெட்டு எங்க, ஏழு எங்க. இன்னும் மூணு வாரம் ஆகும் இல்ல? உங்க லீவு போயிடும்க்கா.”

“தெரியும்.”

இந்த இடத்தில் வள்ளி பக்கத்து அறையைப் பார்த்தாள். சுருட்டி வைத்த பாய் சுவரோரம் நின்றுகொண்டிருந்தது.

தீக்ஷா மறுபடி பேசினாள். “எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. சோதிச்சுப் பாக்க இருபத்து நாலு டெஸ்ட் கிளிப் இருக்கு. பாதி உங்க அண்ணன் கிளிப்தான். ஒண்ணுலகூடவா இது மாட்டல?”

 வள்ளிக்கு உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

“எல்லாம் அவரு தூங்குறப்ப எடுத்தது,” என்றாள். “முழிச்சிருந்தா வாயோரம் ஒழுகும். கால் தூக்குறப்ப முகம் கோணும். போர்வைய நல்லா இழுத்து விட்டுட்டு, தலை சீவி விட்டுட்டு எடுப்பேன். நாலு பேர் பாக்குற இடத்துல அவரு அப்படி இருக்க வேண்டாமேன்னு.”

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். அவள் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். நோயாளியை வைத்திருக்கிற எந்த வீட்டிலும், யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் முதலில் போர்வையைத்தான் சரிசெய்கிறோம். அவளும் அதைத்தான் செய்தாள். ஆனால் அண்ணன் பேசுகிற நேரத்தை எல்லாம் அவளே வெட்டி எடுத்துவிட்டு, அவர் அசையாமல் இருப்பதை மட்டும் கம்ப்யூட்டருக்குச் சோதனையாகக் கொடுத்திருக்கிறாள். அதுவும் கொடுத்ததைத்தான் திருப்பிக் காட்டியது.

“அக்கா,” என்றாள் தீக்ஷா, இப்போது மெதுவாக. “நான் வாயால சொன்னா அங்க எடுபடாது. அவர் கால் தூக்குறத ஒரு கிளிப் எடுத்து அனுப்புங்க. நேர்ல எப்படி இருக்கு, நம்மளோடதுல எப்படி இருக்கு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் காட்டறேன். அத பாத்துட்டும் ஏத்துங்கன்னு சொல்ல யாருக்கும் மனசு வராது. முடியுமா?”

“அவரக் கேக்கணும்,” என்றாள் வள்ளி.

செந்தாமரை கிளம்புகிற நேரம் தாண்டிவிட்டது; ஆனால் கிளம்பவில்லை. காய்ந்த போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டாள். ஜன்னல் வழியாக ஐந்து மணி வெயில் தரையில் சாய்வாக விழுந்திருந்தது. வள்ளி அண்ணன் கண்ணுக்கு நேரே முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணே. மூணு வாரமா நீங்க கூப்புட்டது எங்களுக்குத் தெரியல. கேமரா காட்டல. செந்தாமர சரியாத்தான் பாத்திருக்கா. தப்பு என்னோடது.”

அவர் அவளையே பார்த்தார். அந்தக் கண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

“இப்ப நீங்க தூக்குறத வீடியோ எடுக்கணும். ஆபீஸ்ல நாலு பேர் பாப்பாக. நாலு பேர் இல்ல, இருபது பேர். உங்களத் தெரியாத ஆளுக. வேண்டாம்னா விட்டுரலாம். நான் வேற வழி பாத்துக்கிறேன்.”

முழங்கால் அசையவில்லை. செந்தாமரை அந்தப் பக்கம் இருந்து பார்த்தாள், இந்தப் பக்கம் இருந்து பார்த்தாள்.

“அண்ணே,” என்றாள். “நான் ஒரு நாளக்கி எட்டு மணி நேரம் உங்களப் பாக்குறேன். அவுக அர நிமிசம் பாக்கப் போறாக. அதுக்கு என்ன இம்புட்டு ரோசன? வேணும்னா முகத்த விட்டுட்டுக் காலை மட்டும் எடுக்கச் சொல்றேன்.”

அவர் கண்ணில் ஏதோ மாறியது. வள்ளி அதைச் சிரிப்பு என்று நினைத்தாள். உடம்பு நன்றாக இருந்த காலத்தில் அவளைச் சினிமாக்காரி என்றுதான் கூப்பிடுவார். படம் ஓட்டுகிற வேலைக்கா இத்தனை படிப்பு என்று கேலி செய்வார்.

போர்வை மெல்ல உயர்ந்தது. ஒன்று. அவ்வளவுதான்.

“முகத்தோட எடுக்கலாமா?”

மறுபடி ஒன்று.

எடுத்தாள். ஒரு தடவை போதாது. வெயில் ஒரு பக்கம் விழும்போது, விளக்குப் போட்டு, மின்விசிறி ஓடும்போது என்று ஆறு தடவை தேவைப்பட்டது. இடையிடையே ஓய்வு கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, முகம் ஒரு பக்கம் கோண, நான்கு விரல் உயரத்துக்குத் தூக்கி நான்கு எண்ணும்வரை நிறுத்தினார். வாயோரம் ஒழுகியது. வள்ளி துடைக்கப் போகவில்லை. துடைத்தால் படம் கெட்டுவிடும். கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். இரண்டு வருஷத்தில் அவள் செய்த வேலைகளிலேயே அதுதான் கஷ்டமாக இருந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

ஆறு மணிக்குள் கிளிப்பை அனுப்பினாள். ஏழு மணிக்குத் தீக்ஷாவிடமிருந்து செய்தி வந்தது: நாளை டெமோ இல்லை. மூன்று வாரம் கேட்டிருக்கிறேன். லீவு அதற்கப்புறம் என்கிறார்கள். எழுதி வாங்க முடியவில்லை, மன்னியுங்கள் அக்கா. வள்ளி அதைப் படித்துவிட்டுச் சண்முகப்ரியாவுக்குப் போன் போட்டு, இப்போதைக்கு வர வேண்டாம் என்றாள். “ஏன்டி, உனக்குத் தூக்கம் வேணாமா?” என்று கேட்டாள் அவள். “வேணும்,” என்றாள் வள்ளி. 

அதற்குப் பிறகு மூன்று வாரம் இல்லை, நான்கு வாரம் ஆனது. விதியை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினாள். போன படத்தோடு மட்டும் ஒப்பிடாதே, கடைசியாகப் போன முழுப்படத்தோடும் ஒப்பிடு. கட்டம் பொருந்துகிறது என்று நம்பாதே. முதலில் கரையைப் பார். திரும்பத் திரும்ப வருகிற ஒன்றைக் கேட்காதே, ஒன்றே ஒன்றாக இருக்கிறதைக் கேள். அது எந்தப் பக்கம் நகர்கிறதோ, பக்கத்தில் இருப்பவையும் அந்தப் பக்கமே நகர்கின்றனவா என்று பார். எழுதச் சுலபம். தரைப்பூக்கள் மறுபடி நெளிந்தன. அவற்றை அடக்கினால் போர்வை அசையாமல் நின்றது. போர்வையை விட்டால் தரை நெளிந்தது. நடுவில் இரண்டு மணிக்கு ஒரு தரம் அண்ணனைப் புரட்ட வேண்டும். செந்தாமரை அந்த நான்கு வாரமும் போனை மிளகாய் டப்பாவில் சாய்க்கவில்லை. அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடந்தே தேய்ந்தாள்.

கடைசியில் ஏழு கூட நிற்கவில்லை. ஆறேகால் நின்றது. தீக்ஷா, “பரவால்ல, ஆறேகால் போதும்,” என்றாள். அவள் குரலும் களைத்திருந்தது.

அது ஏறிய முதல் நாள் சாயங்காலம். செந்தாமரை போய்விட்டாள். வள்ளி உள்ளறையில் மேசைமேல் கையை மடித்து அதன்மேல் தலையை வைத்திருந்தாள். எதிரே திரையில் கூடம் தெரிந்தது. தரையில் இரண்டு கல் லேசாக நெளிந்தன. நெளியட்டும் என்று விட்டுவிட்டாள். கண் தானாக மூடிக்கொண்டு வந்தது. கால் மணி நேரம் போதும், அதற்குமேல் கேட்கவில்லை என்று நினைத்தாள்.

மூடுகிற கண்ணின் ஓரத்தில் மஞ்சள் கரை ஏறியது. அதோடு சிவப்புக் கட்டங்களும் சாய்ந்து ஏறின. நான்கு எண்ணுகிற நேரம் நின்று இறங்கின. நன்றாகத் தெரிகிறதே என்று அரைத் தூக்கத்தில் சந்தோஷப்பட்டாள். சோதித்துப் பார்க்கிற பழக்கத்தில், ஒன்று என்று எண்ணியும் கொண்டாள்.

மறுபடி கரை ஏறியது.

இரண்டு.

வள்ளி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முட்டி இரண்டும் கடகடவென்றன. “வாரேன்ணே, வந்துட்டேன்,” என்று சொல்லிக்கொண்டே கூடத்துக்கு நடந்தாள்.